முப்பத்தெட்டுப் பக்கம், பதினோரு விநாடி

குருவுக்கு வயது நாற்பத்தைந்து. சீடருக்கு அறுபத்து மூன்று. இப்படித் தலைகீழாக ஒரு குருகுலம் சாலிகிராமத்தில் நான்கு மாதம் நடந்தது.

ஆற்றங்கரை, ஆலமரம் எதுவும் கிடையாது. இரண்டாவது மாடியில் ஓர் அறை, ஜன்னலை மூடிய கறுப்புத் திரை, இரண்டு கணினி, சுழலும் நாற்காலி ஒன்று, சுழலாத நாற்காலி ஒன்று. சுழலாதது சீடருக்கு.

குருவின் பெயர் அமலோற்பவம். சினிமா எடிட்டர். இருபது வருஷமாகப் பிறர் எடுத்ததை வெட்டிக்கொண்டிருப்பவர். சீடர் குற்றாலிங்கம், கடையத்துக்காரர். தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். நானூற்று எழுபது பக்கத்தில் ஒரு நாவல் எழுதியிருந்தார். அதைத்தான் படமாக எடுத்தார்கள். அதைத்தான் அமலோற்பவம் வெட்டிக்கொண்டிருந்தார்.

நாவல் எழுதியவர் எடிட்டிங் அறைக்கு வருவதைச் சினிமாவில் யாரும் விரும்புவதில்லை. பெண் வீட்டார் முதலிரவு அறைக்குள் வந்து உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும். ஆனால் குற்றாலிங்கம் முதல் நாள் சண்டை போட வந்தார். வந்தவருக்கு அமலோற்பவம் நாற்காலியைக் காட்டினார்.

"உக்காருங்க சார். நான் இந்த ரீலை முடிச்சதும் சண்டை போடலாம்."

ரீல் முடிய நான்கு மணி நேரம் ஆனது. அதற்குள் குற்றாலிங்கத்துக்குச் சண்டை மறந்துவிட்டது. மறுநாளும் வந்தார். "நான் இங்க உக்காந்து கத்துக்கிடலாமா மேடம்?" என்று கேட்டார். அப்படித்தான் சீடர் ஆனார்.

"ஒரே ஒரு நிபந்தனை," என்றார் அமலோற்பவம். "புத்தகத்தைக் கொண்டு வராதீங்க."

சீடர் தலையாட்டினார். மறுநாள் புத்தகத்தைப் பையில் வைத்துக் கொண்டு வந்தார். மூன்றாம் நாள் மடியில் வைத்துக்கொண்டார். நான்காம் நாள் சிவப்புப் பேனாவும் வந்தது. இருட்டு அறை என்பதால் ஐந்தாம் நாள் ஒரு பேனா டார்ச்சும் வாங்கிவிட்டார்.

திரையில் காட்சி ஓடும். அவர் குனிந்து பக்கத்தைத் தேடுவார். படத்தில் இல்லாத வரிக்கெல்லாம் ஓரத்தில் ஒரு சிவப்பு டிக் போடுவார். தபால் இலாகாவில் முப்பத்தொன்பது வருஷம் பட்டியலைச் சரிபார்த்த கை. ஒரு வரியும் தப்பாது.

குரு அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு அடுத்த ஷாட்டுக்குப் போய்விட்டார்.

ஒரு நாள் சீடர் கேட்டார். "மேடம், மனசைத் தொட்டுச் சொல்லுங்க. புத்தகம் உசத்தியா, படம் உசத்தியா?"

"உங்க புத்தகத்துல ஏதாவது ஒரு வரி வாசிங்க."

அவர் புரட்டி வாசித்தார். "அந்த மழைக்காலம் முழுவதும் அவள் யாரோடும் பேசவில்லை."

"எவ்ளோ நேரம் ஆச்சு?"

"மூணு விநாடி இருக்கும்."

"அந்த வரிக்கு மூணு நாள் ஷூட்டிங் பண்ணியிருக்காங்க. நான் ரெண்டு வாரமா வெட்டி ஒட்டிப் பார்க்கறேன். இன்னும் மழைக்காலம் வரல."

சீடருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அது முகத்தில் தெரிந்தது.

அமலோற்பவம் ஒரு ஷாட்டை ஓடவிட்டார். கதாநாயகி தெருவில் நடந்து போகிறாள். இரண்டு பக்கமும் எட்டுப் பேர் அவளைப் பார்க்கிறார்கள். ஆறு விநாடி.

"இதை எழுதுங்க சார்."

அவர் எழுத உட்கார்ந்தார். பதினோரு மணிக்குத் தொடங்கி ஒன்றரை வரைக்கும் எழுதினார். மூன்று தாள் நிரம்பியது. எட்டுப் பேரில் ஐந்து பேர் பார்வைதான் முடிந்திருந்தது.

"அப்ப எதுதான் மேடம் உசத்தி?"

"சாப்பாடு வந்துடுச்சு. வாங்க, ஆறிடும்."

இப்படிப் போய்க்கொண்டிருந்த குருகுலத்தில் நான்காவது மாதம் பெரிய சண்டை வந்தது. சண்டைக்குக் காரணம் பதினேழாம் அத்தியாயம்.

நாவல் முழுக்கக் குற்றாலிங்கத்தின் அக்கா கதை. பெயர் இசக்கியம்மாள். தாய் தகப்பன் இல்லாத வீட்டில் பீடி சுற்றித் தம்பியைப் படிக்க வைத்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பிக்குத் தபால் வேலை கிடைத்துப் பயிற்சிக்காக வெளியூர் புறப்பட்ட அன்று, பஸ் நிலையம் வரை வழியனுப்பக்கூட வரவில்லை. தெருவே வந்தது. அக்கா வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தார்.

அன்று அக்கா மனதில் என்ன ஓடியது என்பதுதான் பதினேழாம் அத்தியாயம். முப்பத்தெட்டுப் பக்கம். அதைப் படித்துவிட்டு அழுதோம் என்று வாசகர்கள் கடிதம் எழுதியிருக்கிறார்கள். குற்றாலிங்கம் அந்தக் கடிதங்களை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார்.

படத்தில் அது பதினோரு விநாடி.

கதாநாயகியின் முகம்கூட இல்லை. மடியில் பீடித்தட்டு. இலையைச் சுருட்டும் இரண்டு கைகள். வெளியே பஸ் ஹாரன். கைகள் நிற்கின்றன. அவ்வளவுதான். பிறகு நூலைக் கட்டுகின்றன.

"முப்பத்தெட்டுப் பக்கம் மேடம்!" சீடர் புத்தகத்தை விரித்து நீட்டினார். "பூராவும் டிக் போட்டிருக்கேன், பாருங்க. எங்க அக்கா சாமி கும்பிடுறது படத்துல இல்ல. நான் நல்லா இருக்கணும்னு நேந்துக்கிடுறது இல்ல. நான் சின்னதுல காய்ச்சலா கிடந்ததை நினைச்சு அழுறது இல்ல. ரெண்டு கையை மட்டும் காட்டினா ஜனங்களுக்கு என்ன தெரியும்?"

"ஜனங்களை விடுங்க. உங்களுக்கு என்ன பயம்?"

அவர் சிவப்புப் பேனாவைப் புத்தகத்துக்குள் வைத்தார்.

"அக்காவுக்கு வாசிக்கத் தெரியாது," என்றார். "புத்தகம் வந்தப்போ நான்தான் வாசிச்சுக் காட்டினேன். அவளுக்குன்னு நான் செஞ்சது வாழ்க்கையிலேயே அது ஒண்ணுதான். ஊர் பூராவும் நாளைக்குப் படத்தைத்தான் பார்க்கும். அவளும் படத்தைத்தான் பார்ப்பா. உள்ளுக்குள்ள ஒண்ணுமே இல்லாத கல்லு மாதிரி உக்காந்திருந்தான்னு அவளுக்கே காட்டிட்டீங்கன்னா, என் மூஞ்சியை நான் எங்க வச்சுக்கிட?"

அமலோற்பவம் திரையில் நின்றிருந்த இரண்டு கைகளைப் பார்த்தார்.

"கதை குற்றாலிங்கம்னு டைட்டிலில் போடாதீங்க. என் பேரை எடுத்திருங்க."

இயக்குநர் இசைச் சேர்ப்புக்காக ஹைதராபாத்தில் இருந்தார். தொலைபேசியில் கெஞ்சிப் பார்த்தார். கடைசியில், "டைட்டில் கார்டு நாளைக்குச் சாயங்காலம் வேலைக்குப் போகுது சார். அதுக்குள்ள சொல்லிடுங்க. உங்க இஷ்டம்தான்," என்று வைத்துவிட்டார்.

"உங்க அக்கா இப்ப எங்க இருக்காங்க?" என்று அமலோற்பவம் கேட்டார்.

"இங்கதான். வளசரவாக்கத்துல, என் மகன் வீட்டுல."

"நாளைக்குக் காலையில பத்து மணிக்குக் கூட்டிட்டு வாங்க."

"எதுக்கு?"

"படம் பார்க்க."

மறுநாள் காலை பக்கத்துத் தெருவில் இருந்த பிரிவியூ தியேட்டருக்கு இசக்கியம்மாள் வந்தார். எழுபத்தொரு வயது. உள்ளே நுழைந்ததும் செருப்பைக் கழற்றப் போனார். வேண்டாம் என்றார்கள். இருக்கையின் மெத்தையை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"ஏல குத்தாலம், இவ்ளோ பெரிய இடத்துல நாம மூணு பேருதானா?"

"ஆமாக்கா."

"பாவம், ஏசியை வீணாக்குதாங்க."

தம்பி அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். மடியில் புத்தகம், கையில் சிவப்புப் பேனா, விரலிடுக்கில் டார்ச். அமலோற்பவம் இரண்டு வரிசை தள்ளிப் பின்னால் உட்கார்ந்துகொண்டார்.

படம் தொடங்கியது. குற்றாலிங்கம் புத்தகத்தில் இறங்கினார். எதெல்லாம் விட்டுப்போனது என்று படம் முடிந்ததும் அக்காவுக்கு எடுத்துச் சொல்லிவிட வேண்டும் என்பது அவர் திட்டம். இரண்டு மணி நேரம் இருட்டில் அந்தச் சின்ன வெளிச்சம் பக்கம் பக்கமாக ஊர்ந்தது.

பதினேழாம் அத்தியாயம் வந்தபோது அவர் அவசரமாக முப்பத்தெட்டுப் பக்கத்தையும் புரட்டிக்கொண்டிருந்தார். பஸ் ஹாரன் காதில் விழுந்தது. பக்கத்து இருக்கையில் அக்கா மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டது. நிமிர்ந்தார். திரையில் வேறு காட்சி வந்திருந்தது.

படம் முடிந்து விளக்குப் போட்டார்கள். இசக்கியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அழுதாரா, வியர்த்ததா என்று சொல்ல முடியாது.

"எப்படிக்கா இருந்துச்சு?"

"அந்தப் பிள்ளை எந்த ஊரு?"

"பம்பாய்க்காரி."

"அதான் பார்த்தேன். நூலு கட்டுத விரலு தப்பு. அப்படிக் கட்டினா கடையில ஒண்ணுகூட எடுக்க மாட்டான்."

குற்றாலிங்கம் திரும்பிக் குருவைப் பார்த்தார். பார்த்தீர்களா என்ற பார்வை.

"ஆனா கை நின்னுச்சுல்லா," என்றார் இசக்கியம்மாள், "அது சரி."

"எதுக்கா?"

"பஸ்ஸு சத்தம் கேட்டதும். அப்படித்தான் நின்னுச்சு. வீட்டுல அன்னைக்கு ஒரு ஈ காக்கா கிடையாது. இது இவங்களுக்கு எப்படில தெரிஞ்சுது?"

தம்பி புத்தகத்தை மூடினார்.

"நான் பார்த்தேன்க்கா."

"நீ எப்ப பார்த்த? நீதான் பஸ்ஸுக்குப் போயிட்டியே."

"தூக்குவாளியை மறந்துட்டேன்லா. எடுக்கத் திரும்பி வந்தேன். நீ முதுகைக் காட்டி உக்காந்திருந்த. கை தட்டு மேல அசையாம இருந்துச்சு. மறுபடி ஹாரன் அடிச்சுட்டான். கூப்பிடாம வாளியை எடுத்துட்டு ஓடிட்டேன்."

இசக்கியம்மாள் தம்பி பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"வாளியைக் காணோம்ன உடனே நீ வந்துட்டுப் போயிட்டேன்னு தெரிஞ்சுபோச்சு," என்றார். "என்னையப் பார்த்தியா, பார்க்காமலே போயிட்டியான்னுதான் தெரியல. நாப்பத்திரண்டு வருசமா அது ஒண்ணு எனக்குத் தெரியல."

"புத்தகத்துல எழுதியிருக்கேனேக்கா. வாசிச்சுக்கூடக் காட்டினேன்."

"எத்தனை வரி?"

"ஒரு வரி."

"அந்த ஒரு வரியில கண் அசந்திருப்பேன். நீதான் ரெண்டு நாளா நிறுத்தாம வாசிச்சியே."

குற்றாலிங்கத்துக்குச் சிரிப்பு வரவில்லை. மெதுவாகக் கேட்டார்.

"அக்கா, அன்னைக்குக் கை நின்னப்போ நீ என்ன நினைச்ச?"

"எழுதினவன் நீ. என்கிட்ட கேக்க?"

"நான் எழுதினதெல்லாம் நானா நினைச்சது. நீ எனக்காக நேந்துக்கிட்டே, என்னைய நினைச்சு அழுதேன்னு."

"ஆமா, கேட்டேன். முப்பது நாப்பது பக்கமும் நான் உன்னையேதான் நினைச்சிக்கிட்டு இருக்கேன்."

"அது தப்பா?"

இசக்கியம்மாள் சேலை மடிப்பைச் சரி செய்தார்.

"அதுல நான் இல்லல. பூராவும் நீதான் இருந்த. அக்கா இப்படி நினைச்சிருப்பா, அப்படி நினைச்சிருப்பான்னு இருபது வயசுலேருந்து உக்காந்து யோசிச்சிருக்கியே, அது எனக்குப் பிடிச்சிருந்துச்சு. அதான் நல்லா இருக்குன்னு சொன்னேன். பொய் சொல்லல."

"அப்ப நிஜமாவே என்ன நினைச்ச?"

"இந்தப் பிள்ளை கை நின்னதும் எனக்கு அது அப்படியே வந்துட்டு. இங்க உக்காந்து நல்லா நினைச்சுப் பார்த்துக்கிட்டேன்."

"சொல்லேன்க்கா."

"அதை உன்கிட்ட எதுக்குச் சொல்லணும்? நாப்பத்திரண்டு வருசம் என்கிட்ட இருந்தது. அங்கனயே இருக்கட்டும்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. ரேஷன் கார்டை யார் பத்திரப்படுத்துவது என்று பேசுவதுபோல்தான் சொன்னார். சொல்லிவிட்டு எழுந்தார். கதவு வரை போய்த் திரும்பினார்.

"ஏல, உன் பேரு வரவே இல்லையே. புத்தகத்து அட்டையில பார்த்துப் பார்த்து அந்த எழுத்து மட்டும் எனக்கு அடையாளம் தெரியும். முதல்லேருந்து முழிச்சுக்கிட்டே இருந்தேன். காங்கல."

குற்றாலிங்கம் அமலோற்பவத்தைப் பார்த்தார். அமலோற்பவம் கைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். தேடுவதற்கு அதில் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

"வரும்க்கா," என்றார் தம்பி. "இனிமேதான் போடுவாங்க."

"பெருசாப் போடச் சொல்லு."

இசக்கியம்மாள் வெளியே வராந்தாவுக்குப் போய்விட்டார். அங்கே சுவரில் வரிசையாக மாட்டியிருந்த பட விளம்பரங்களை ஒவ்வொன்றாக நின்று பார்க்கத் தொடங்கினார்.

உள்ளே குருவும் சீடரும் மட்டும் இருந்தார்கள்.

"புத்தகத்தைக் கொஞ்சம் குடுங்க சார்," என்றார் அமலோற்பவம்.

வாங்கிப் பதினேழாம் அத்தியாயத்தைப் புரட்டினார். ஓரம் முழுக்கச் சிவப்பு. வரிக்கு வரி டிக். இருநூற்று முப்பத்தொன்றாம் பக்கத்தில் நிறுத்தினார். ஒரே ஒரு வரிக்குப் பக்கத்தில் வெள்ளையாக இருந்தது.

"இதுக்கு மட்டும் ஏன் சார் டிக் போடல?"

குற்றாலிங்கம் கண்ணாடியை இறக்கி வாசித்தார். "வாசலில் இருந்து பார்த்தபோது அவள் கை தட்டின் மேல் அசையாமல் இருந்தது."

"அது படத்துல இருக்கே மேடம்."

"மத்ததெல்லாம்?"

"மத்தது..." அவர் பக்கங்களைத் தடவினார். "மத்தது நான் பார்க்காதது. பஸ்ஸுல போகும்போது நினைச்சது. ட்ரெயினிங்ல நினைச்சது. அப்புறம் இத்தனை வருசமும் நினைச்சது."

"அதை என்னால வெட்டவும் முடியாது, ஒட்டவும் முடியாது. அது புத்தகத்துல இருந்தாத்தான் நல்லா இருக்கும்."

"நீங்க எத்தனை தடவை வாசிச்சீங்க இதை?"

"ஆறு தடவை."

சீடர் அதை எதிர்பார்க்கவில்லை. நான்கு மாதமாக இந்தப் பெண்மணி தன் புத்தகத்தைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார் என்றுதான் அவர் எண்ணம். ஊரில் இருந்து வந்த கடிதங்களை எல்லாம் டப்பாவில் போட்டு வைத்தவர், எதிரே உட்கார்ந்திருந்த வாசகரைக் கவனிக்கவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது.

பாக்கெட்டில் தொலைபேசி அதிர்ந்தது. இயக்குநர். எடுத்தார்.

"பேரு இருக்கட்டும் சார்," என்றார். "கொஞ்சம் பெருசாப் போட முடியுமா? எனக்கு இல்ல. எங்க வீட்டுல கேட்டாங்க."

வைத்துவிட்டுச் சற்று நேரம் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா மூச்சை இழுத்த அந்தச் சத்தம் இன்னும் காதில் இருந்தது. அந்தப் பதினோரு விநாடியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் அக்கா முகத்தைப் பார்க்கவில்லை. திரையையும் பார்க்கவில்லை. எந்தப் பக்கத்தைத் தேடினோம் என்பதுகூட இப்போது நினைவில்லை.

டார்ச்சை அணைத்துப் பையில் போட்டார். சிவப்புப் பேனாவுக்கு மூடி போட்டார். புத்தகத்தைப் பக்கத்து இருக்கையில் வைத்தார்.

"மேடம், ஒரு உதவி. படத்தை இன்னொரு தடவை போடச் சொல்லுறீங்களா?"

அமலோற்பவம் புரொஜெக்டர் அறைப் பக்கம் கையைக் காட்டிவிட்டு வராந்தா கதவைத் திறந்து, "அக்கா, உள்ள வாங்க, மறுபடி போடறாங்க," என்று கூப்பிட்டார். பிறகு சீடரிடம் திரும்பினார்.

"இன்னொரு தடவைன்னு சொல்லாதீங்க சார். நீங்க இன்னும் ஒரு தடவையும் பார்க்கல."